கலந்த பேச்சைக் கேட்கும் காது

"மீட்டிங் கேன்சல் ஆயிடுச்சு. ஆனா ரிப்போர்ட்டை மட்டும் ஈவ்னிங்குக்குள்ள அனுப்பிடு." சென்னையிலோ கோவையிலோ ஓர் அலுவலகத்தில் இதைக் கேட்பவர் திகைத்து நிற்பதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகிறார். ஆனால் இந்த இரண்டு வரிகளுக்குள் அவர் காது செய்த வேலை சிறியதல்ல. 'ரிப்போர்ட்' ஆங்கிலச் சொல். அதில் ஒட்டியிருப்பது தமிழின் இரண்டாம் வேற்றுமை உருபு. 'கேன்சல்' ஆங்கிலம், அதை வினையாக்கி, நடந்து முடிந்ததாகச் சொல்வது 'ஆயிடுச்சு'. எந்த ஒலி எந்த மொழிக்குரியது, ஒரு மொழியின் சொல் முடிந்து மற்றதன் விகுதி எங்கே தொடங்குகிறது என்பதை எந்தப் பள்ளியும் அவருக்குக் கற்றுத் தரவில்லை.

மொழிக்கலப்பு பற்றி நாம் நூறாண்டுக்கும் மேலாக விவாதித்து வருகிறோம். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் முதல் இன்றைய தொலைக்காட்சித் தமிழ் பற்றிய வருத்தம் வரை, அந்த விவாதம் பேசுபவரையும் எழுதுபவரையும் சுற்றியே நடந்திருக்கிறது. அவர் ஏன் கலக்கிறார், கலக்கலாமா என்பவை நியாயமான கேள்விகள்தாம். கேட்பவர் என்ன செய்கிறார் என்பது அவற்றிலிருந்து வேறான கேள்வி. உளவியலாளர்களும் மொழியியலாளர்களும் அதை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகிறது. இரண்டு மொழிகளைத் தனித்தனியே நன்றாக அறிந்திருப்பது, அவை கலந்து வரும் பேச்சைத் தடையின்றிப் புரிந்துகொள்ளப் போதாது. கலந்து பேசுகிறவர்களோடு புழங்கிப் பெற்ற பழக்கம் அதற்குத் தனியாக வேண்டும்.

தொடக்க கால அறிஞர்கள் இப்படி நினைக்கவில்லை. மொழித்தொடர்பு ஆய்வுக்கு அடித்தளமிட்ட யூரியல் வைன்ரைக், 1953இல் வெளிவந்த தம் நூலில், சிறந்த இருமொழியாளர் சூழலும் ஆளும் மாறும்போது மொழியை மாற்றுவார், ஒரே வாக்கியத்துக்குள் மாற்றமாட்டார் என்று கருதினார். அப்படிப் பார்த்தால் வாக்கியத்துக்குள் வரும் கலப்பு ஒரு குறை. கேட்பவருக்கு அது சுமை. மூளைக்குள் ஒரு சுவிட்சு இருக்கிறது, ஒரு மொழியை அணைத்தால்தான் மற்றது எரியும் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது.

அதைச் சோதிக்க வந்தவர்களில் முக்கியமானவர் பால் கோலர்ஸ். 1966இல் அவர் பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்கு மூன்று வகையான பத்திகளைக் கொடுத்தார்: ஒரே மொழியில் எழுதியவை, வாக்கியத்துக்கு வாக்கியம் மொழி மாறுபவை, வாக்கியத்துக்குள்ளேயே இரண்டும் கலந்தவை. உரக்கப் படித்தபோது கலப்புப் பத்திகளுக்கு அதிக நேரம் பிடித்தது. மௌனமாகப் படித்தவர்களின் புரிதலைச் சோதித்தபோதோ கலப்பால் குறைவு ஏதும் தெரியவில்லை. வாய்க்கு இருந்த சிரமம் புரிதலுக்கு இல்லை. ஐந்தாண்டு கழித்து ஜான் மக்னமாராவும் செய்மர் குஷ்னிரும் வேறு முடிவுக்கு வந்தார்கள். கலப்பு வாக்கியங்களைப் படித்து உண்மையா பொய்யா என்று சொல்லவைத்தபோது, மொழி மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நொடி தாமதம் இருப்பதாக அவர்கள் கணக்கிட்டார்கள். மனத்தின் வாசலில் ஒரு சுவிட்சு இருக்கிறது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டினார்கள்.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் எனக்குப் பெரிய குறையாகப் படுவது, வாக்கியங்களை ஆய்வாளர்களே செய்துகொண்டார்கள் என்பது. நினைத்த இடத்திலெல்லாம் மொழியை மாற்றினார்கள். எந்த ஊரிலும் எந்த மனிதரும் அப்படிப் பேசுவதில்லை. தமிழில் வைத்துப் பார்த்தால் விளங்கும். "ஆபீஸுக்குப் போனேன்" என்று நாம் நாள்தோறும் கேட்கிறோம். "டு ஆபீஸ் போனேன்" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டிலும் இருப்பவை தமிழ், ஆங்கிலச் சொற்களே. இரண்டாவதைக் கேட்டால் நமக்கும் ஆறில் ஒரு பங்கு நொடி தடுமாறும். இன்னும் கூடுதலாகவே தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை அளந்துவிட்டு அதைக் கலப்பின் விலை என்று சொல்வது சரியில்லை.

கலப்புக்கு ஒழுங்கு உண்டு என்பதை நிறுவியதில் ஷானா பாப்லாக்கின் பங்கு பெரியது. நியூயார்க்கில் வாழும் போர்ட்டோ ரிக்கோ மக்களின் பேச்சைப் பதிவு செய்து, 1980இல் அவர் எழுதிய கட்டுரை துறையின் போக்கை மாற்றியது. இரு மொழிகளின் சொல்வரிசையும் ஒத்துப்போகும் இடங்களில்தான் மாற்றம் நிகழ்கிறது என்றும், வாக்கியத்துக்குள் அடிக்கடி மொழி மாற்றுகிறவர்கள் இரண்டிலும் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள் என்றும் அவர் காட்டினார். அதே ஆண்டில் எஸ். என். ஸ்ரீதரும் கமல் ஸ்ரீதரும் கன்னட ஆங்கிலக் கலப்பை ஆராய்ந்து, கலப்பு ஒன்றும் தாறுமாறான தொகுப்பு அல்ல என்று எழுதினார்கள். விருந்தாக வரும் மொழியின் தொடர் தன் உள்ளமைப்பைத் தக்கவைத்துக்கொள்கிறது. வாக்கியத்தில் அது உட்காரும் இடத்தை வீட்டுக்கார மொழி முடிவு செய்கிறது. 'இன் ஸ்பைட் ஆஃப் த ரெயின் எல்லாரும் வந்துட்டாங்க' என்று ஒருவர் சொன்னால், மழை பற்றிய தொடர் உள்ளே முழுக்க ஆங்கில வரிசை; வினைமுற்று கடைசியில் வரும் மொத்த வாக்கியம் தமிழ் வரிசை. கேட்பவர் இரண்டு ஒழுங்குகளையும் ஒருசேரப் பின்தொடர்கிறார்.

ஆங்கிலத்தில் வினைக்குப் பின் செயப்படுபொருள் வரும். தமிழில் முன் வரும். பாப்லாக்கின் விதிப்படி பார்த்தால் தமிழும் ஆங்கிலமும் கலப்பது கடினம். ஆனாலும் கலக்கிறோம், ஏராளமாக. இந்தப் புதிரை 1990இல் டேவிட் சான்காஃப், பாப்லாக், சுவாதி வன்னியராஜன் மூவரும் தமிழ்ப் பேச்சை வைத்தே ஆராய்ந்தார்கள். தமிழ் வாக்கியத்தில் வரும் ஆங்கிலப் பெயர்ச்சொற்கள், வேற்றுமை உருபு ஏற்பதில் தமிழ்ப் பெயர்ச்சொற்களைப் போலவே நடந்துகொள்கின்றன என்று கண்டார்கள். அந்தச் சொல் முன்பின் யாரும் சொல்லாததாக இருக்கலாம். வந்த கணத்திலேயே தமிழ் இலக்கணம் அதைத் தன் ஆளுகைக்குள் எடுத்துக்கொள்கிறது. வினைக்கு இருக்கவே இருக்கிறது 'பண்ணு'. 'டவுன்லோட்', 'அப்ளை', 'ஷேர்' என எது வந்தாலும் அதன் காலத்தையும் இடத்தையும் எண்ணிக்கையையும் 'பண்ணு' சுமந்துகொள்ளும். தமிழ்க் காதுக்கு இது பெரிய வசதி. புதிய சொல் எது என்று தெரியாவிட்டாலும், யார், எப்போது, செய்தாரா செய்யவில்லையா என்பதெல்லாம் பழகிய விகுதியில் வந்துவிடுகிறது.

சுவிட்சுக் கொள்கையை அசைத்தது வேறொரு திசையிலிருந்து வந்த கண்டுபிடிப்பு. இருமொழியாளர் ஒரு மொழியை மட்டும் கேட்கும்போதும் மற்ற மொழி உறங்குவதில்லை. 1999இல் மைக்கேல் ஸ்பைவியும் வியோரிகா மரியனும் ரஷ்யமும் ஆங்கிலமும் அறிந்தவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். மேசைமேல் பல பொருள்கள். ரஷ்ய மொழியில் அஞ்சல்தலையை எடுக்கச் சொல்கிறார்கள். அதன் பெயர் 'மார்க்கா'. பேச்சில் ஆங்கிலமே இல்லை. ஆயினும் கேட்டவர்களின் கண் அங்கிருந்த மார்க்கர் பேனாவை நோக்கி ஒரு கணம் ஓடியது. தொடக்க ஒலி கேட்டதும் இரண்டு மொழிச் சொற்களும் எழுந்துவிட்டன. 2007இல் கியோம் தியெரியும் யான் ஜிங் வூவும் இதைவிட வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். ஆங்கிலம் கற்ற சீனர்கள் ஆங்கிலச் சொல் இணைகளை மட்டுமே படித்தார்கள். சில இணைகளின் சீன மொழிபெயர்ப்புகளில் ஒரே எழுத்துரு பொதுவாக இருந்தது. படித்தவர்களுக்கு அது தெரியவே இல்லை; அவர்களின் மூளை அலைகள் மட்டும் அந்த இணைகளில் மாறுபட்டன.

நமக்கு இதை விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. 'கால் வந்துச்சு' என்றால் தொலைபேசி அழைப்பு. 'கால் வலிக்குது' என்றால் உடம்பின் உறுப்பு. ஒலி கிட்டத்தட்ட ஒன்றே. முதல் சொல் காதில் விழும்போது இரண்டு பொருளும் எழுகின்றன. அடுத்த சொல் ஒன்றை அமர்த்திவிடுகிறது. சொல்லின் உச்சரிப்பும் கேட்பவருக்கு உதவும். ஃபிரான்சுவா குரோஜான் 1988இல் பிரெஞ்சு வாக்கியங்களுக்குள் ஆங்கிலச் சொற்களைச் சிறிது சிறிதாக ஒலிக்கவிட்டு, எவ்வளவு கேட்டதும் சொல்லை இனங்காண்கிறார்கள் என்று அளந்தார். சொல்லின் ஒலியமைப்பு எந்த மொழிக்குரியது, ஆங்கில உச்சரிப்பில் வந்ததா பிரெஞ்சு உச்சரிப்பில் வந்ததா, அதேபோல ஒலிக்கும் பிரெஞ்சுச் சொல் உண்டா என்பவை வேகத்தைத் தீர்மானித்தன. தமிழர் பெரும்பாலோர் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலியிலேயே சொல்கிறோம். எனவே ஒலியால் கிடைக்கும் துப்பு நமக்குக் குறைவு. பேச்சின் சூழலும் விகுதியும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

மூளை அலைகளை அளக்கும் கருவி இந்த ஆய்வுகளுக்குள் வந்த பிறகு 'விலை' என்ற சொல்லே கேள்விக்குள்ளானது. ஈவா மொரேனோவும் மார்த்தா கூட்டாஸும் காரா ஃபெடர்மையரும் 2002இல் ஆங்கில வாக்கியங்களின் கடைசிச் சொல்லை மூன்று விதமாக வைத்தார்கள்: எதிர்பார்த்த ஆங்கிலச் சொல், எதிர்பாராத ஆங்கில ஒத்தசொல், எதிர்பார்த்த சொல்லுக்கு நேரான ஸ்பானிஷ் சொல். பொருளைப் பொருத்துவதில் மூளை சிரமப்படும்போது தோன்றும் அலை, ஸ்பானிஷ் சொல்லுக்கு அல்லாமல் ஆங்கில ஒத்தசொல்லுக்கே பெரிதாக எழுந்தது. ஸ்பானிஷ் சொல்லுக்கு எழுந்தது வேறு வகை அலை, சற்றுத் தாமதமாக. எதிர்பாராத ஒரு மாற்றத்தைக் கவனித்ததன் அடையாளம் அது. ஸ்பானிஷில் தேர்ச்சி கூடியவர்களிடம் அது சிறியதாகவும் சீக்கிரமாகவும் வந்தது. வேற்றுமொழிச் சொல் என்பதற்காகவே பொருள் சிக்கலாகிவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

2017இல் எஸ்டி பிளாங்கோ-எலோரியெட்டாவும் லீனா பில்க்கானனும் அரபியும் ஆங்கிலமும் பேசுகிறவர்களை ஆராய்ந்தார்கள். செயற்கையாக மொழி மாற்றச் சொன்னபோது மூளையின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் விழித்தெழுந்தன. இருமொழியாளர்கள் தமக்குள் இயல்பாகப் பேசிய உரையாடலைக் கேட்கவைத்தபோது, மொழி மாறிய இடங்களில் அந்தப் பகுதிகள் கூடுதலாக உழைக்கவில்லை. 1966இலும் 1971இலும் விடுபட்ட கேள்விக்கு ஐம்பதாண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பதில் இது.

அப்படியானால் இயல்பு என்பது எங்கிருந்து வருகிறது? பாவ்லா டுசியாஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதற்கு நல்ல விடை தந்திருக்கிறார்கள். ஸ்பானிஷில் இரண்டு துணைவினைகள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பின் ஆங்கில வினை வருவது பேச்சில் சாதாரணம். மற்றதற்குப் பின் வருவது அரிது. படிப்பவர்களின் கண்ணைப் பின்தொடர்ந்தபோது, சாதாரணமானதில் கண் தடையின்றி ஓடியது, அரிதானதில் தயங்கியது. 2016இல் வெளிவந்த இந்த ஆய்வின்படி, சமூகம் எப்படிக் கலக்கிறதோ அந்த வழக்கத்தையே வாசகர் எதிர்பார்க்கிறார். அதே ஆண்டு மெலிண்டா ஃபிரிக்கியும் உடன் ஆய்வாளர்களும், மொழி மாறப்போகும் இடத்துக்குச் சற்று முன்பே பேச்சின் வேகமும் மெய்யொலிகளும் நுட்பமாக மாறுகின்றன என்றும், கேட்பவர் அந்தச் சாடையைப் பிடித்துக்கொள்கிறார் என்றும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆன் பீட்டி-மார்டினெஸும் டுசியாஸும் செய்த ஒப்பீடு எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்பானிஷும் ஆங்கிலமும் அறிந்த இரு சாரார்: ஒரு சாரார் கலந்து பேசும் சூழலில் வாழ்பவர்கள்; மற்றவர்கள் ஸ்பெயினின் கிரனாடாவில், இரண்டையும் தனித்தனியே வைத்துப் பழகியவர்கள். வழக்கமான கலப்புக்கும் வழக்கில் இல்லாத கலப்புக்கும் உள்ள வேறுபாட்டை முதல் சாராரின் மூளை உணர்ந்தது. இரண்டாம் சாராருக்கு அந்த வேறுபாடு பிடிபடவில்லை; மொழி மாறியதே அவர்களுக்குச் செய்தியாக இருந்தது.

தமிழில் இதற்குச் சான்று தெருவெங்கும் கிடைக்கிறது. 'அவருக்கு சுகர் இருக்கு, பிரஷரும் இருக்கு' என்பதை ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் புரிந்துகொள்ள முடியாது. தமிழை ஏட்டில் கற்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வெளிநாட்டவரும் தடுமாறுவார். பள்ளிக்கூடமே போகாத கிராமத்து மூதாட்டிக்கோ இது நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் என்று உடனே விளங்கும். அவருக்கு ஓர் ஆங்கில வாக்கியம் கூடத் தெரியாது. அவரை இருமொழியாளர் என்று எந்தக் கணக்கெடுப்பும் சேர்க்காது. கலப்பைப் புரிந்துகொள்ளும் திறமையில் அவர் ஏட்டுப் படிப்பாளியை மிஞ்சிவிடுகிறார்.

எழுத்துக்கு வரும்போது இன்னொரு காரணி சேர்கிறது: எழுத்துரு. கலப்பு எழுத்து நமக்குப் புதிதல்ல. 11ஆம் நூற்றாண்டின் இலக்கண நூலான வீரசோழியமே, வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாளத்தைக் குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளை போன்ற வைணவ ஆசாரியர்களின் வியாக்கியானங்களில் அது முழு உரைநடையாக வளர்ந்துவிட்டது. ஏட்டில் அதை எழுதியவர்கள் வடசொற்களைக் கிரந்தத்திலும் தமிழைத் தமிழ் எழுத்திலும் எழுதினார்கள். வாசிப்பவரின் கண்ணுக்கு மொழி மாறும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிடும். கேரளத்து மணிப்பிரவாளத்துக்கு 14ஆம் நூற்றாண்டில் லீலாதிலகம் என்ற இலக்கணமே எழுந்தது. அங்கே வடசொல் தன் வடமொழி வேற்றுமையோடு வரவேண்டும். தமிழ் வியாக்கியானங்களிலோ வடசொல் பெரும்பாலும் தமிழ் விகுதி ஏற்று வரும். எந்த மொழியின் விகுதி ஒட்ட வேண்டும் என்பதை இன்றைய மொழியியல் ஆராய்வதற்கு அறுநூறு ஆண்டு முன்பே நம் பக்கத்தில் யோசித்திருக்கிறார்கள்.

கைப்பேசியில் நாம் எழுதும் தமிழில் அந்த வசதி இல்லை. ரோமன் எழுத்தில் தமிழும் ஆங்கிலமும் அடுத்தடுத்து வருகின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு நிலைத்த எழுத்துக்கூட்டு உண்டு. தமிழ்ச் சொல்லை அவரவர் காதுக்குப் பட்டபடி எழுதுகிறார்கள். பி, ஈ, என் என்ற மூன்றெழுத்து பேனாவாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். வி, ஏ, எல், ஐ என்று இருந்தால் அது வலியா, வழியா, வளியா என்று வாக்கியம்தான் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதினாலும் சிக்கல் முழுதாகத் தீராது. 'பால்' என்பது குடிப்பதா, மைதானத்தில் உருள்வதா என்று எழுத்து காட்டாது. 2013இல் சைத்ரா ராவ், அவந்திகா மாத்தூர், நந்தினி சிங் ஆகியோர் இந்தி வாசகர்களை ஆராய்ந்து, ரோமன் எழுத்தில் இந்தியைப் படிக்கும்போது தேவநாகரியைவிட நேரம் கூடுகிறது என்று கண்டார்கள். அந்தச் சுமை எழுத்துருவால் வந்தது. கணினிகளுக்கும் இதே இடத்தில்தான் தொல்லை. 2020இல் பாரதி ராஜா சக்கரவர்த்தியும் மற்ற ஆய்வாளர்களும் திரைப்பட முன்னோட்டங்களின் கீழே தமிழர் எழுதிய 15,744 கருத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் பாராட்டா குறையா என்று மனிதர்களைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். தமிழ் ஆங்கிலக் கலப்பை இயந்திரத்துக்குப் பழக்க, கலந்தே வாழும் மனிதரின் தீர்ப்பு முதலில் தேவைப்பட்டது.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது குழந்தைகளைப் பற்றி. 'கண்ணா, மூன் பாரு' என்று பேசினால் குழந்தை குழம்பிவிடுமா? 2017இல் கிறிஸ்டா பையர்ஸ்-ஹைன்லைனும் உடன் ஆய்வாளர்களும் மான்ட்ரியலில் 20 மாதக் குழந்தைகளைச் சோதித்தார்கள். வாக்கியத்தின் நடுவில் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறியபோது, குழந்தைகள் சரியான படத்தைப் பார்ப்பது சற்றுக் குறைந்தது, கண்மணி விரிந்தது. பலமான மொழியிலிருந்து பலவீனமான மொழிக்குப் போகும்போதே இந்தச் சுமை தெரிந்தது; ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த வாக்கியத்தில் மொழி மாறியபோது குறைந்தது. பெரியவர்களிடமும் இதே போக்கைக் கண்டார்கள். கலப்புக்கும் குழந்தையின் சொல்வளத்துக்கும் உள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. 2013இல் பையர்ஸ்-ஹைன்லைன் கலப்பு மிகுந்த வீடுகளில் சொல்வளம் சற்றுக் குறைவு என்றார். 2015இல் வேறு ஆய்வாளர்கள் வாக்கியத்துக்குள் கலக்கும் பெற்றோரின் குழந்தைகளிடம் அப்படிக் குறைவு காணவில்லை. நான் பெற்றோருக்குச் சொல்வது: கலப்பதால் குழந்தை குழம்பாது. ஆனால் தமிழில் முழு வாக்கியங்களை அது கேட்காமல் போனால், தமிழ் அதன் பலவீனமான மொழியாகிவிடும். அதன்பின் ஒவ்வொரு மாற்றத்திலும் சுமை தமிழின் பக்கமே விழும்.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஸ்பானிஷ், பிரெஞ்சு, டச்சு போன்ற மொழிகள் ஆங்கிலத்தோடு கலப்பதைப் பற்றியவை. பங்கேற்றவர்களில் மிகப் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். நம் நாட்டில் கலப்பைக் கேட்பவர்கள் அப்படி ஒரே சீரானவர்கள் அல்லர். மருத்துவர் 'ஃபாஸ்டிங் பிளட் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, டேப்லெட் ஆஃப்டர் ஃபுட்' என்கிறார். எதிரே இருப்பவருக்கு 'டெஸ்ட்' தெரியும், 'டேப்லெட்' தெரியும். 'ஃபாஸ்டிங்' தெரியாது, 'ஆஃப்டர்' தெரியாது. வாக்கியத்தின் இலக்கணம் தமிழாக இருப்பதால் எல்லாம் புரிந்ததுபோல அவருக்கே தோன்றும், தலையும் ஆட்டிவிடுவார். முழுக்க ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் புரியவில்லை என்று கேட்டிருப்பார். பழகிய சொல்லுக்கும் பழகாத சொல்லுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அவர் காதுக்கு எல்லாமே ஒரே சீராக ஓடுகிறது. வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுங்கள், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள் என்று சொல்ல அவருக்குச் சில நொடிகள் கூடுதலாக ஆகலாம். நோயாளி அதைத் தவறாகப் புரிந்துகொள்ள இடமில்லை.